கண்மூடித் திறப்பதற்குள்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம், உன் முட்டிவலி தேவலையா?

காணாமல் போனவர்களைத் தேடும் எங்கள் அலுவலகக் கணினியில், யார் யாருக்கு என்ன உறவு, யார் எந்த முகாமில் என்றெல்லாம் கோத்து வைத்திருக்கிறோம். ஒரு பெயரைக் கேட்டால் அத்தனை உறவுகளையும் அலசிவிட்டுத்தான் ஆளிடம் வரும். அதற்குள் தேநீர் ஏடு கட்டிவிடும். நான் தேடும் வரிசையைத் திருப்பி, முதலில் ஆளைத் தேட வைத்தேன். இப்போது கண்மூடித் திறப்பதற்குள் பதில். மேலாளர் முதுகில் தட்டினார்.

நேற்று, மகனைத் தேடி வாராவாரம் வரும் ஓர் அம்மாள் வந்தார். பெயரை அடித்ததுமே 'இல்லை' என்று வந்துவிட்டது.

"முன்னாடி அது தேடிச் சுத்திக்கிட்டிருக்கும்போது, கிடைச்சிடுவான்னு உக்காந்திருப்பேன்ப்பா," என்றார்.

இங்கே குளிர், அண்ணனுடைய ஸ்வெட்டரை அனுப்பு. அவன் வந்ததும் அவனிடமே கொடுத்துவிடுகிறேன்.

அவன் பெயரைப் போட்டுப் பார்த்தாயா என்று கேட்டிருந்தாய். இன்னும் இல்லை, அம்மா. கணினி மெதுவாக ஓடியபோதே போட்டிருக்கலாம்.

அவசரத்தில்,
உன் சின்னவன்