என் மூக்கு, என் நாற்காலி

மார்ச் 4
இன்று சவரத்துக்கு உட்கார்ந்தவர் கடைசிவரை கண்ணை மூடவில்லை. கழுத்தில் கத்தி இருக்கிறது. மனிதர் பயப்படுவதோ என் மூக்கு நுனியில் தொங்கும் சொட்டுக்கு. அவர் போனதும் முதலாளி மெதுவாகச் சொன்னார்: "அண்ணே, கொஞ்ச நாளைக்கு நாற்காலிய வேற ஆளுக்கு விடுங்க. துண்டு துவைச்சு மடிச்சுக் குடுங்க, போதும்." முடியாது என்றேன். சொல்லும்போதே ஒழுகியது. வீறாப்பாக நிற்கவும் இந்த மூக்கு விடுவதில்லை.

மார்ச் 9
தூசி என்று மெத்தையை மாற்றியாயிற்று. பூனையை அக்கா வீட்டுக்கு அனுப்பியாயிற்று. இன்று ஆஸ்பத்திரியில், கையில் வரிசையாகக் குத்திப் பார்த்தார்கள். எதுவும் அலர்ஜி இல்லையாம். பூனை நிரபராதி. மகள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே—

மார்ச் 11
குளிர்காற்றோ பவுடர் வாசனையோ பட்டால் மூக்கில் நீர் விடச் சொல்லும் நரம்பு எனக்கு அவசரக்குடுக்கையாம். மாதக்கணக்கில் ஸ்ப்ரே அடித்தும் அடங்கவில்லை. அந்த நரம்பைத் துண்டித்து, உள்ளே வீங்கி அடைக்கும் சதையையும் குறைக்கலாம் என்றார் டாக்டரம்மா. "முழுசா நின்னுடும்னு சத்தியம் பண்ண மாட்டேன். நல்லா குறையும்."
சத்தியம் செய்யாதவரை நம்பலாம் என்று பட்டது.
மனைவி: "ஒழுகுற மூக்குக்குப் போய் யாராவது ஆபரேஷன் பண்ணுவாங்களா?"
"ஒழுகுறவன் பண்ணுவான்."
மச்சினன் போனில்: "மாமா, ஒரு டஜன் கைக்குட்டை வாங்கித் தரேன், விடுங்க." போனை வைத்துவிட்டேன்.

மார்ச் 20
நாளைக்கு ஆபரேஷன். பயமா? பயம்தான். வெளியே சொன்னால் ஜெயித்துவிடுவார்கள்.

மார்ச் 23
வீட்டுக்கு வந்தாயிற்று. மூக்குக்குள் செங்கல் அடைத்த மாதிரி இருக்கிறது. சிந்தக் கூடாது, குனியக் கூடாது. மனைவி முறைத்துக்கொண்டே மூக்கைக் கழுவ உப்புத்தண்ணீர் காய்ச்சி ஆற்றுகிறாள். "இப்ப சந்தோஷமா?" கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன்.

மார்ச் 29
முதலாளி போன் செய்தார். "துண்டெல்லாம் குமிஞ்சு கெடக்குண்ணே."
"கெடக்கட்டும். என் நாற்காலியத் துடைச்சு வைங்க."

ஏப்ரல் 17
பூனை வந்துவிட்டது. காலையில் சூடாக டீ குடித்தபோது ஒரு சொட்டு எட்டிப் பார்த்தது. பார்த்துவிட்டுப் போகட்டும்.
கடையில் முதல் சவரம். அன்று கண்ணை மூடாத அதே ஆள். இன்றும் என் மூக்கு நுனியைக் காவல் காத்துக்கொண்டுதான் உட்கார்ந்தார். குனிந்தேன். பவுடர் டப்பா பக்கத்திலேயே திறந்திருந்தது— பவுடருக்கு இத்தனை நல்ல வாசனையா? ஒரு பக்கத் தாடை முடிவதற்குள் அவர் கை மடியில் தளர்ந்தது. தூங்கிவிட்டார். குறட்டை வேறு. மறுபக்கத்தையும் முடித்துக் கத்தியைக் கழுவி வைத்தேன். ஆள் காத்திருக்கிறது, எழுப்பு என்று முதலாளி சைகை காட்டினார்.
எழுப்பவில்லை.