முங்கச் சொன்ன மகளுக்கு

இயேசு மரி சூசை துணை

ராயபுரம்,
நவம்பர் 6

அன்பு மகள் ஆன்சிக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் எனக்குக் கை கால் சுகமாக இருக்கிறது, சர்க்கரை மட்டும் சொன்ன பேச்சு கேட்பதில்லை. நீயும் மாப்பிள்ளை ஜெபினும் அந்தக் கனடாக் குளிரில் சுகமாக இருக்க வேண்டுமென்று தினமும் கேட்டுக்கொள்கிறேன். கடிதத்தின் தலையில் மூன்று பேர் பெயரையும் எழுதியிருக்கிறேன், பார்த்ததும் முகம் சுளிப்பாய், ஒருவர் போதாதா அப்பா என்பாய். கை பழகிவிட்டது அம்மா, கோபித்துக்கொள்ளாதே. போனில் நீ பேசப் பேச எனக்குப் பதில் வருவதில்லை, அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

இங்கே விடாத மழை. எண்ணூர் சாலையில் கண்டெய்னர் லாரிகள் அசையாமல் நிற்கின்றன, தெருவில் முழங்கால் வரை தண்ணீர். கல்லறைத் திருநாளன்றாவது விடும் என்று பார்த்தேன், விடவில்லை. துறைமுகத்தில் என்னோடு சரக்கு தூக்கும் விஞ்சு ஓட்டினானே சௌக்கத் அலி, அவன்தான் காசிமேட்டுக் கல்லறைக்குத் தனியாகப் போகாதே என்று குடையோடு வந்துவிட்டான். அம்மா கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்ற ஏற்ற அணைந்தது, அவன் குடையை மெழுகுவர்த்திக்குப் பிடித்துவிட்டுத் தான் நனைந்தான். நீ இருந்தாலும் ஏற்றியிருக்கமாட்டாய், செத்தவர்களுக்காக வேண்டுவது வேதத்தில் இல்லை என்று போன வருஷம் வந்தபோதே சொல்லிவிட்டாய். பரவாயில்லை, பக்கத்தில் சும்மா நின்றிருந்தால் எனக்குப் போதும்.

கிறிஸ்துமஸுக்கு வருகிறேன் என்றாய். வந்தால் நீங்கள் இப்போது போகிற சபைக்காரர் ஒருவர் திருவொற்றியூரில் இருக்கிறார், அவர் கையால் நான் கடலில் முழுக்கு ஞானஸ்நானம் எடுக்க வேண்டும், சரி என்று சொல்லுங்கள் டிக்கெட் போடுகிறேன் என்றாய். ஆலைக் கழிவு கலந்த இந்தப் பக்கத்துத் தண்ணீரில் முங்கினால் பாவம் போகிறதோ இல்லையோ, தோல் போய்விடும். விளையாட்டுக்குச் சொல்கிறேன். உன்மேல் கோபம் இல்லை, ஏன் கேட்கிறாய் என்று எனக்குத் தெரியும். சௌக்கத்தும் ஒரு ரம்ஜானுக்குச் சேமியா கொடுத்துவிட்டு, மாமு, மேல போனா உன்ன எங்கன்னு தேடிகினு கெடக்கறது, பேசாம நம்ம பக்கம் வந்துடு நைனா என்றான். நீ எங்க பக்கம் வந்துடேன், எனக்குத் தேடுற வேல மிச்சம் என்றேன் நான். இரண்டு பேரும் சிரித்தோம், ஆனால் அவன் கண் கலங்கியிருந்தது. மதத்துக்கு ஆள் சேர்க்கிறவர்களில் தலை எண்ணுகிறவர்களும் உண்டு, கூட நாலு பேர் இல்லாவிட்டால் தங்கள் நம்பிக்கையே ஆடிப்போகிறவர்களும் உண்டு. நீயும் அவனும் அந்த ரகம் இல்லை, பிரிய மனமில்லாமல் கேட்கிறீர்கள். எனக்கும் அதே ஆசைதான். பூசையில் நீ உட்காரும் இடத்தில் இன்னும் கைக்குட்டை போட்டு வைக்கிறேன், யாராவது வந்து உட்கார்ந்தால் எரிச்சலாக வருகிறது.

உனக்காக முங்கிவிடலாம் என்றுகூட ஒரு மனம் சொல்கிறது. நனைந்த தலை காய்ந்துவிடும், மகள் வருவாளே. ஆனால் ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல். முழுக்கு எடுக்காதவர்கள் பரலோகத்துக்கு வர முடியாது என்கிறாயே, அப்படியானால் உன் அம்மா இப்போது எங்கே இருக்கிறாள்? ஜெபமாலையைக் கையில் பிடித்தபடிதானே போனாள். அவள் இல்லாத இடத்தில் நான் உன்னோடு போய் உட்கார்ந்தால் அம்மா எங்கே என்று உன்னைத்தான் கேட்டுக்கொண்டே இருப்பேன், நீ என்ன பதில் சொல்வாய்? அவள் எங்கேயோ அங்கேயே நானும் இருந்துவிட்டுப் போகிறேன் மகளே. முழுக்கு வேண்டாம். இதைச் சொன்னால் நீ வராமல் போய்விடுவாயோ என்றுதான் இத்தனை நாள் வாய் திறக்கவில்லை.

பனியில் மாப்பிள்ளையை மெதுவாகக் கார் ஓட்டச் சொல். வேலை வேலை என்று பட்டினி கிடக்காதே. உங்கள் இருவருக்கும் ஒரு குறையும் வராமல் ஆண்டவர் ஆசீர்வதிக்கட்டும், நீ எப்படிக் கும்பிட்டாலும் அவர் காதில் விழும். இங்கே வந்தால் பூசைக்கு வரவேண்டாம், கல்லறைக்கும் கூப்பிடமாட்டேன். உங்கள் சபைக்கு வாசல் வரை நானே கொண்டுவந்து விட்டுவிட்டு, முடியும்வரை வெளியே நிற்கிறேன். மேலே போய் யார் யாரோடு இருப்போமோ எனக்குத் தெரியாது ஆன்சி. கீழே இருக்கும்போது ஒருமுறை வந்து பக்கத்தில் இருந்துவிட்டுப் போ. மறக்காமல் டிக்கெட் போட்டுவிடு.

உன் முகம் பார்க்கக் காத்திருக்கும் அப்பா,
ஜார்ஜ்