எல்லோரும் பார்க்க ஓட்டு

அன்புள்ள அப்பாவுக்கு, தமிழ்ச்செல்வி எழுதுவது. உசிலம்பட்டியில் மழை உண்டா? மூட்டுவலி தேவலையா? நான் நலம்.

“அங்கிட்டு ஓட்டு எப்படித்தா போடுறாக?” என்று போனில் கேட்டீர்கள். இந்தச் சுவிஸ் கிராமத்தில் விரலில் மை கிடையாது. மண்டபத்தில் கூடி, எல்லோரும் பார்க்கக் கையைத் தூக்குகிறார்கள்.

நேற்று, பழைய பள்ளிக்கூடத்தில் தங்கியிருக்கும் அகதிகளை இங்கேயே வைத்துக்கொள்ளலாமா என்று ஓட்டெடுத்தார்கள். ஓட்டில்லாத நானும் அந்த அகதிகளும் கடைசி பெஞ்சில் இருந்தோம். வேண்டாமென்று முதலில் உயர்ந்தது என் வீட்டுக்கார அம்மாவின் கை. எனக்குக் காய்ச்சலென்றால் சூப் கொண்டுவருபவர். வேண்டாமென்ற கைகளே அதிகம்; அகதிகள் இந்த மாதமே போக வேண்டும்.

வெளியே வந்ததும், “உன்னைச் சொல்லவில்லை, நீ வேலைக்கு வந்தவள்” என்று அன்பாகத்தான் சொன்னார். கவலைப்படாதீர்கள்.

பஸ் வருகிறது, முடிக்கிறேன். அம்மாவை ரசப்பொடி அனுப்பச் சொல்லுங்கள். இனி காய்ச்சல் வந்தால் நானே ரசம் வைத்துக்கொள்கிறேன்.