துடைத்த கறை

ஜூன் 4, புதன்
கண்ணாடிச் சட்டம் போட ஓர் அம்மா பென்சில் படம் ஒன்றைக் கடையில் கொடுத்துவிட்டுப் போனார். லேஸ் மேசை விரிப்பு, அவ்வளவுதான் படம். பூதக்கண்ணாடியைக் கீழே வைக்க மனம் வரவில்லை. நூலை அவர் வரையவே இல்லை! ஓட்டைகளை ஒவ்வொன்றாகக் கறுப்பாக்கியிருக்கிறார். மிஞ்சிய வெள்ளைக் காகிதமே நூலாகிவிட்டது. இருபத்தைந்து வருஷமாகச் சட்டம் அடிக்கிறேன், இப்படி ஒரு பொறுமையைக் கண்டதில்லை.

ஜூன் 5
வலது மூலையில் மங்கலாக அழுக்கு. யாரோ கை வைத்திருக்க வேண்டும். கண்ணாடி போட்டுவிட்டால் காலத்துக்கும் அப்படியே நிற்குமே. மாவு போலப் பிசையும் மெத்து ரப்பரால் ஒற்றி ஒற்றி எடுத்தேன். நூல் கெடாமல் எடுக்க ஒரு மணி நேரம். பளிச்சென்று ஆகிவிட்டது.

ஜூன் 7
படத்தை வாங்க அந்த அம்மா வந்தார். வலது மூலையைப் பார்த்தார். "இங்க ஒரு கறை இருந்துச்சே?"

"சுத்தம் பண்ணிட்டேம்மா." பெருமையாக வேறு சொன்னேன்.

கறையும் அவர் வரைந்ததுதான். இறப்பதற்கு முந்தின நாள் கணவர் அந்த விரிப்பில் கொட்டின காபியாம். "வரைஞ்சு முடிச்ச மறுநாளே துணிய என் மருமக தொவச்சுட்டா. இப்ப படத்த நீங்க தொவச்சுட்டீங்க." கத்தியிருந்தால்கூடத் தேவலை. படத்தை எடுக்காமலே போய்விட்டார்.

ஜூன் 8
சோறு இறங்கவில்லை. "வேணும்னா செஞ்சீங்க? விடுங்க" என்கிறாள் மனைவி. எப்படி விட? என்னையே திட்டிக்கொள்கிறேன். யாருய்யா உன்னத் துடைக்கச் சொன்னது? சட்டம் போடச் சொன்னா சட்டத்த மட்டும் போட்டுட்டுப் போக வேண்டியதுதானே!

ஜூன் 9
போன் செய்தேன். எடுக்கவில்லை.

ஜூன் 12
ரசீதில் முகவரி இருந்தது. போய் நின்றேன். "மன்னிச்சுடுங்கம்மா. ஆனா அந்தக் கறை எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கு. ஓரம் கொஞ்சம் கறுப்பு, உள்ள வெளிறல். மூலையிலருந்து லேஸ்ல ஏழு பூவத் தாண்டி எட்டாவதுல பாதியில நிக்கும். ஒரு மணி நேரம் அதையேதானே பாத்துட்டிருந்தேன்."

கதவைச் சாத்தப் போன கை நின்றது.

"எட்டாவது வரைக்குமா? ஏழுன்னுல்ல நெனச்சேன்."

ஜூன் 15, ஞாயிறு
விடுமுறைதான், ஆனாலும் கடையைத் திறந்தேன். அந்த அம்மா என் மேசையில் உட்கார்ந்து வரைந்தார். நான் விரல் வைத்துக் காட்டிய இடத்துக்குப் பென்சில் மெல்ல வந்து சேர்ந்தது. ரப்பர் பட்ட காகிதத்தில் கரி சரியாக ஏறவில்லை. சளைக்காமல் மேலும் மேலும் தீட்டினார்.

மதியம் படத்தைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"இன்னும் பெருசா இருக்கணும். அவர் எதையும் அரைகுறையா கொட்டினதே இல்ல" என்றார். சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. கூடவே கண்ணும் நிறைந்துவிட்டது.

நான் பென்சிலைச் சீவிக் கொடுத்தேன்.