மார்ச் ஒன்பதாம் தேதி முத்திரை

அன்புத் தங்கைக்கு,

உன் மகனுக்குக் காது குத்திய படத்தை நீ இன்னும் வக்கீலிடம் கொடுக்கவில்லையாம். எனக்காகத்தான் கொடுக்கவில்லை என்று தெரியும்.

உன் மனையை விற்க மாப்பிள்ளை வைத்திருக்கும் பவர் பத்திரத்தில், ‘மைசூரில் என் முன்னிலையில் கையெழுத்திட்டார்’ என்று நோட்டரி முத்திரை போட்டவன் நான். நீ வரவே இல்லை. “உங்க தங்கச்சி வீட்லயே போட்டுட்டா மச்சான். மார்ச் ஒன்பதுன்னு தேதி போட்டு சீல் வச்சுக் குடுங்க” என்றார். வீட்டு மனுஷராயிற்றே என்று வைத்துவிட்டேன்.

அதே மார்ச் ஒன்பதில் நாம் காது குத்துக்காக நாள் முழுக்க மாதேஸ்வரன் மலையில் இருந்தோம். வேலை என்று வராத அவருக்கு அந்தத் தேதி நினைவில்லை. எனக்கும் உறைக்கவில்லை.

நேற்றும் வந்தார். “அவ நேர்ல வந்து போட்டான்னு கோர்ட்ல ஒரு வார்த்தை சொல்லிடுங்க. இல்லேன்னா உங்க லைசென்ஸ்தான் போகும்” என்றார்.

திங்கட்கிழமை நீ போட்ட வழக்கில் சாட்சிக் கூண்டில் ஏறினால் என் வாய் எந்தப் பக்கம் பேசுமோ, எனக்கே நம்பிக்கையில்லை. அந்தப் படம் முன்னால் இருந்தால் பொய் சொல்ல முடியாது. கோயில் வாசல் போட்டோக்காரர் கீழே தேதி போட்டுக் கொடுத்திருக்கிறார். கொடுத்துவிடு.

தாய்மாமன் மடியில்தான் பிள்ளை உட்கார்ந்திருக்கிறான். என்னைக் காப்பாற்றுவதாக நினைத்து, என் முகத்தை வெட்டிவிடாதே.

உன் அண்ணன்