மதினியின் பச்சிலை

நான் இன்னும் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிற என் அண்ணனுக்கு,

மயிலைக் காளையும் போய்விட்டது அண்ணே. செவ்வாய்க்கிழமை விடிந்ததும் தொழுவத்துக்குப் போனேன். காலை நீட்டிக் கிடந்தது. மூக்கில் கறுத்த ரத்தம். போன ஆடியில் அதன் ஜோடி செவலை கிடந்த அதே கிடை.

செவலையின் மூக்கை நீங்கள்தான் துடைத்தீர்கள். கையில் அரிவாள் வெட்டு ஆறாமல் இருந்தது. செத்த மாட்டைப் புதைத்தால் காய் பிடிக்கும் என்று தென்னை மூட்டிலேயே குழி வெட்டினீர்கள். நான் அழுததைப் பார்த்து, "ஏட்டி, நான் செத்தா இவ்வளவு அழுவியா?" என்று கேலி செய்தீர்கள். ஏன் அப்படிக் கேட்டீர்கள்?

அந்த வெட்டுக்குத்தான் மதினி பச்சிலை அரைத்துக் கட்டினாள். புண் கரியாய்க் கறுத்தது. வலியே இல்லை என்றீர்கள். கை வீங்கி, காய்ச்சல் கண்டு, வாரம் முடியுமுன் போய்விட்டீர்கள். உங்களைக் கிடத்தியிருந்த முற்றத்தில் நின்று ஊர் கேட்கக் கத்தினேன்: "உனக்க பச்சிலையாக்கும் எனக்க அண்ணனைக் கொன்னது!" மதினி பதினாறு கழிந்ததும் இரணியலுக்கு, தாய்வீட்டுக்குப் போனவள்தான்.

இந்தமுறை சர்க்கார் மாட்டு டாக்டர் வந்தார். மயிலையின் காதில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தடவிக்கொண்டு போனார். மறுநாள் வந்து, "அடைப்பான் நோயாக்கும். மைக்ராஸ்கோப்புல பாத்தா கிருமி குச்சி குச்சியா கிடக்கு. இந்த ரத்தத்தை ஆரெங்கிலும் தொட்டியளா?" என்று கேட்டார்.

செவலை செத்ததையும் உங்கள் கையையும் பற்றிச் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார்.

"அந்தப் புண்ணும் இதுதாம்மா. மாட்டுலேருந்து மனுசனுக்கு வரும். பச்சிலை என்ன செய்யும், பாவம்!"

செவலையை எங்கே புதைத்தீர்கள் என்றார். தென்னையைக் காட்டினேன். மூட்டில் புல் தளதளவென்று நின்றது. அதைத்தான் தினமும் அறுத்து மயிலைக்குப் போட்டேன் அண்ணே. அந்தக் கிருமி மண்ணுக்குள் வருஷக்கணக்காய்ச் சாகாதாம். இந்தக் கையாலேயா மயிலைக்கு ஊட்டினேன்? உங்களுக்கு அங்கே முன்பே தெரியுமா?

மிச்சமுள்ள கன்றுக்கு ஊசி போட்டாயிற்று. மயிலையைச் சுண்ணாம்பு கொட்டி ஆழப் புதைத்தோம். தென்னையைச் சுற்றி முள் அடைத்துவிட்டேன்.

நாளை இரணியலுக்குப் போகிறேன். மதினி கதவைத் திறக்காவிட்டாலும் வாசலில் நின்று, ஊர் கேட்கச் சொன்ன பொய்யை ஊர் கேட்கவே திருப்பி எடுப்பேன். அதற்காகத்தான் இதை எல்லாரும் வாசிக்க எழுதுகிறேன். இன்னொன்றும் சொல்வேன்: அந்தப் புண் கறுத்த பிறகு நான் பயந்து உங்கள் பக்கத்தில்கூட வரவில்லை. கடைசிவரை தொட்டது மதினி ஒருத்திதான்.

உங்கள் கூடப்பிறந்தவள்,
தங்கம்மை