காகிதத்தில் இல்லாத அப்பா

மார்ச் 4

மழை விட்டது. கல்லூரிக்குப் பின்னால் இருக்கும் சரிவை அளக்கப் போனோம். பையன்கள் வழக்கம்போல் மட்டம் பார்க்கும் லெவல் கருவியைத் தாங்கள் எடுத்துக்கொண்டு, "தியாமிகே, நீ அந்த அளவுக் கம்பைப் பிடிச்சிட்டு நில்லு" என்றார்கள். நில அளவை படிக்க வந்து மூன்றாவது வருடம், இன்னும் கம்பு பிடிக்கவா? கருவியைப் பிடுங்கிக்கொண்டேன். என் அளவில் பிழை நாலு மில்லிமீட்டர். அவர்களுடையதைச் சொல்லாமல் இருப்பதே மரியாதை.

இன்னும் இரண்டு பருவம். முடித்தால் நான் சர்வேயர்.

மார்ச் 9

உதவித்தொகை அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். நிரோங்கோ அம்மா என் கோப்பைத் திருப்பிக் காட்டினார். "தந்தையை இழந்த மாணவிகள்" பட்டியலில் என் பெயர். மூன்று வருடமாக அதில்தான் இருக்கிறேனாம். எனக்கே தெரியாது.

விசாரிக்க ஊருக்குப் போன் போட்டிருக்கிறார்கள். படிவத்தில் இருந்தது வைசன் மாமாவின் நம்பர். மாமாவின் போன் எங்கள் வீட்டில் சார்ஜில் கிடந்திருக்கிறது. எடுத்தவர், "லாமெக் பேசறேன், பொண்ணோட அப்பா" என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறார்.

"அப்பா பேர் எழுதற இடத்தைக் காலியா விட்டா என்னம்மா அர்த்தம்?" என்று கேட்டார் நிரோங்கோ அம்மா. அவர் வடக்கே பிறந்தவர். அங்கே எல்லாம் அப்பாதான். எங்கள் பக்கம் ஒரு பெண்ணுக்குப் பொறுப்பு அம்மாவின் அண்ணன். பள்ளியில் சேர்ப்பது, கல்யாணம் பேசுவது, கையெழுத்துப் போடுவது, எல்லாம் மாமாதான். அப்பா அம்மாவின் ஊருக்கு வந்து குடியேறிய மாப்பிள்ளை. அதனால் மாமா பெயரை எழுதினேன், அப்பாவின் வரியை விட்டேன். எங்கள் ஊரில் யாராக இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பார்கள்.

இதைச் சொன்னேன். "பதினெட்டாம் தேதி குழு கூடுது. எழுதிக் கொண்டு வா" என்றார். முகத்தில் நம்பிக்கை இல்லை.

மார்ச் 10

படிப்பு ஓடவில்லை.

மார்ச் 12

மாமாவுக்குப் போன் செய்தேன். கத்தினார். "போன எடுக்கச் சொல்லி அந்த மனுஷன யாரு கேட்டா? பக்கத்து வீட்டுக்காரர் விளையாட்டா பேசிட்டார்னு எழுதிக் குடு. அப்பன் சின்ன வயசுலயே விட்டுட்டு ஓடிட்டான்னு சொல்லு. முடிஞ்சுது கதை."

அறைத்தோழி எஸ்தெரேயும் அதையே சொன்னாள். "ரெண்டு பருவம்டி! ஒரு வரி எழுதறதுல என்ன குறைஞ்சு போயிடப் போகுது? உங்கப்பா கேக்கவா போறாரு?"

கேட்க மாட்டார். அதுதான் தொந்தரவு. அப்பா எதையும் கேட்க மாட்டார்.

உதவித்தொகை நின்றால் என்ன ஆகும்? எங்கள் தெருவில் ஏற்கெனவே நாலு பெண்கள் பாதிப் படிப்போடு வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். இரண்டு பேருக்குக் கையில் குழந்தை. நான் ஐந்தாவதா? மாட்டேன். என்னால முடியாது.

மார்ச் 15

எழுதிவிட்டேன். "எனக்கு நான்கு வயதாக இருந்தபோது தந்தை எங்களைப் பிரிந்து சென்றார்." நல்ல கையெழுத்தில், அடித்தல் இல்லாமல். உறையில் போட்டுப் பைக்குள் வைத்தேன்.

களியைப் பாதியில் வைத்துவிட்டுப் படுத்துவிட்டேன்.

மார்ச் 17

அப்பா வந்து நிற்கிறார்! எங்கள் ஊர்ப்பக்கம் சலிமாவிலிருந்து மீன் லாரியில், கையில் ஒரு பொட்டலம் கருவாட்டோடு. அம்மா சொல்லி அனுப்பினாளாம். மாமாவிடம் கேட்டீர்களா என்றேன். "கேக்கல" என்றார். கல்யாணமாகி இருபத்து நாலு வருடத்தில் மாமாவைக் கேட்காமல் அவர் செய்த முதல் காரியம் இதுவாகத்தான் இருக்கும்.

கடிதத்தைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.

மார்ச் 18

குழுவில் மூன்று பேர். அப்பா தொப்பியைக் கழற்றி, குனிந்து, எங்கள் வழக்கப்படி மெதுவாகக் கை தட்டி வணங்கினார். பிறகு, "செத்துப்போனதா உங்க பட்டியல்ல இருக்கற ஆள் நான்தாங்க" என்றார். தலைவர் சிரித்துவிட்டார்.

"பொண்ணு உங்க பேரை ஏன் எழுதல?"

"நான் அந்த வீட்டு மாப்பிள்ளைங்க. காட்டை உழுவேன், கூரை வேய்வேன். கையெழுத்து அவ மாமன் போடறது. அவ தப்பா எழுதல. எங்க ஊர்ல எழுதற மாதிரி எழுதியிருக்கா."

நிரோங்கோ அம்மா கேட்டார்: "உங்களுக்கு வருத்தமா இல்லையா?"

அப்பா தொப்பியைச் சுற்றிக்கொண்டே நின்றார். "என் பேரும் இருந்திருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும்" என்றார்.

விளக்கம் எங்கே என்று கேட்டார்கள். எழுதவில்லை, அப்பா சொன்னதுதான் விளக்கம் என்றேன். உறை பைக்குள்ளேயே இருந்தது. அவரை லாரி ஏற்றிவிட்டு வந்து அதை அடுப்பில் போட்டேன். எழுதினேன் என்பதை என்ன செய்வது? அது எரியவில்லை.

ஏப்ரல் 2

முடிவு வந்துவிட்டது. ஏமாற்றவில்லை என்று ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் அந்தப் பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டார்கள். அந்த இடம் நிஜமாகவே அப்பா இல்லாத ஒருத்திக்குப் போகிறது. நியாயம்தான், குறை சொல்ல வழியில்லை. இந்தப் பருவம் வரை தருவார்கள். கடைசிப் பருவத்துக்குப் பொதுப் பட்டியலில் விண்ணப்பிக்க வேண்டும்.

மாமா போனை எடுப்பதில்லை.

மே 20

பொதுப் பட்டியலில் இடமில்லை. காத்திருப்போரில் மூன்றாவது.

ஜூலை 6

சாலை போடும் கும்பலில் வேலை. என்ன வேலை? கம்பு பிடித்து நிற்பது. சிரிப்புத்தான் வருகிறது. மேஸ்திரி அளவை ஒருநாள் தப்பாகப் படித்தார். திருத்தினேன். மறுநாள் முதல் கருவி என் கையில்.

ஜனவரி 11

நிரோங்கோ அம்மாவே போன் செய்தார். "இடம் வந்திருக்கு. மூட்டையைக் கட்டிக்கிட்டு வா." ரோட்டோரம் நின்று கத்தினேன். லாரிக்காரன் ஒருவன் பயந்து பிரேக் போட்டான்.

நவம்பர் 2

குடிநீர்த் துறையில் சேர்ந்து மூன்றாவது வாரம். குழாய் போகும் வழியை அளக்க இன்று ஏரிக்கரைப் பக்கம் ஒரு கிராமம். எனக்குக் கீழே இரண்டு ஆண்கள். நான் சொல்லும் இடத்தில் கம்பு பிடிக்கிறார்கள், நேராகவே பிடிக்கிறார்கள்.

ஊர்த்தலைவரைப் பார்க்காமல் நிலத்தில் கால் வைக்கக் கூடாது. போய் உட்கார்ந்து, கை தட்டி வணங்கினேன். எல்லாத் தலைவரும் கேட்பதையே கேட்டார்: "யாரு வீட்டுப் பொண்ணும்மா?"

"வைசனோட மருமக. லாமெக்கோட மக."

"மாமன் பேரு போதுமே. எதுக்கு ரெண்டு பேரு சொல்ற?"

"ரெண்டு பேரும் இருக்காங்க ஐயா" என்றேன்.